யாரிடம் கேட்பது

சுபா,

இன்று சனிக்கிழமை. சின்னக்கடைத் தெருவில் பெட்டி வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ காலையிலேயே கிளம்பிவிட்டாய். அம்மா விடைத்தாள் திருத்தப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான். நேரில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. வியாழக்கிழமையும் அப்படித்தான் ஆனது. அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை ராமநாதபுரத்துக்கு ரயிலேறுவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புவதற்கு முன் படித்தால் நல்லது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் சண்டை. வேதாச்சலம் போன் செய்து உன்னை வாழ்த்தினார். நம்ம ஸ்ரீரங்கத்துப் பெண், பரீட்சை எழுதி, ஒரு மாவட்டத்துக்கே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலராகப் போகிறாள், கொள்ளிடக் கரைக் குழந்தைகள் இல்லத்தில் ஒரு சின்னப் பாராட்டு, பிள்ளைகளோடு மதியச் சாப்பாடு, அவ்வளவுதான் என்றார். நீயும் சரி என்றுவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. "ஒரு சாப்பாடுதானேப்பா" என்றாய். அந்த ஆளோடு ஒரே பந்தியில் என் பெண் உட்காருவதை நான் பார்க்க விரும்பவில்லை என்றேன். அதற்கு நீ சொன்னது இரண்டு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "உங்க சண்டையை நீங்களே வெச்சுக்கங்க. அதை எனக்கு எழுதி வெச்சுட்டுப் போகாதீங்க."

நியாயமான பேச்சுதான். எனக்குப் பழசை விட முடியாத குணம் இருக்கிறது என்று உன் அம்மா கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கல்லூரியில் என்னைத் துறைத்தலைவராக ஆக்காமல் விட்டவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் வேதாச்சலம் விஷயம் அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. அது எந்த வகை என்று உன்னிடம் நான் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. துண்டு துண்டாக, கோபத்தில், சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன். அதை நீ என் சொந்தப் பகை என்று எடுத்துக்கொண்டதில் தவறில்லை.

உனக்கு அந்த இல்லம் புதிது இல்லை. நீ ஒன்றாம் வகுப்பு போனதிலிருந்து உன் பிறந்தநாள் அங்கேதான் நடந்தது. திருச்சியில் நம்மைப் போன்ற சம்பளக்காரக் குடும்பங்களுக்கு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கேக் வெட்டி வீட்டைக் குப்பையாக்குவதற்குப் பதில், ஒரு வேளைச் சாப்பாட்டை இல்லத்துப் பிள்ளைகளுக்குப் போடுவது. நல்ல வழக்கம்தானே என்று நானும் நினைத்தேன். வடை, பாயசம், அப்பளத்தோடு சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் வரிசையாக நின்று உனக்குப் பாட்டுப் பாடுவார்கள். நீ பட்டுப்பாவாடையில் நடுவில் நிற்பாய். ஒரு படம் எடுப்பார்கள். உன் ஒன்பதாவது பிறந்தநாள் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள், நன்கொடையாளர் வரிசையில். கீழே உன் பெயர் பெரிய எழுத்தில். அதைப் பார்க்க உன் மாமாவைக்கூட ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்பில் நீதான் நிறுத்தினாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "இனிமே வேணாம்ப்பா. அவங்க பாடறப்ப என்னால நேரா பாக்க முடியல" என்றாய். வளரும் பெண்ணின் கூச்சம் என்று நானும் அம்மாவும் சிரித்துக்கொண்டோம்.

நீ கல்லூரியில் சேர்ந்த சமயத்தில் என்னை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு உறுப்பினராகப் போட்டார்கள். நான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு ஆய்வு செய்திருந்தேன், அதை யாரோ கவனித்திருக்கிறார்கள். குழுவுக்குத் தலைவர் வேதாச்சலம். வக்கீலாக இருந்து ஓய்ந்தவர். இனிமையாகப் பேசுவார், பெண்கள் அனைவரையும் தாயே என்பார், எந்தத் தாளிலும் ஒரே பார்வையில் கையெழுத்துப் போடுவார். வாரத்தில் சில நாள் உட்காருவோம். ஓடிவந்த பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, அடிவாங்கிய பிள்ளை, எல்லோரும் அந்த மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். எந்தப் பிள்ளை எந்த இல்லத்துக்குப் போக வேண்டும், எது வீட்டுக்குத் திரும்பலாம் என்று நாங்கள் உத்தரவு போடுவோம். நீதிமன்றத்துக்கு உண்டான அதிகாரம் என்று சட்டம் சொல்கிறது. அந்த அதிகாரத்துக்கு இரண்டு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கதவு சரியாக மூடாத ஒரு அறை.

இனி உன் வேலையே இதுதான் என்பதால் உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் நீ புத்தகத்தில் படித்த வரைபடம் வேறு, அங்கே நடப்பது வேறு. குழு உத்தரவு போடும். அந்தப் பிள்ளையின் வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை தர வேண்டியது பாதுகாப்பு அலகு, அதாவது உன்னைப் போன்றவர்களின் அலுவலகம். அலகுக்கு வண்டி இல்லை, ஆள் இல்லை. இருக்கிற ஆளும் ஒப்பந்தத்தில் இருப்பவர், அடுத்த வருஷம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. பிள்ளையைக் கூட்டிவர வேண்டியது போலீஸ். இல்லத்துக்கு அனுமதி கொடுப்பது வேறு ஒரு அலுவலகம். இல்லத்தைப் போய்ப் பார்க்க ஒரு ஆய்வுக் குழு, அதில் இவர்களிலேயே பாதிப் பேர். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லோருடைய கையிலும் ஒரு துண்டுப் பொறுப்பு இருக்கும், முழுப் பொறுப்பு யார் கையிலும் இருக்காது. நான் பொருளாதாரக்காரன். எல்லோருக்கும் சொந்தமான கண்மாயில் யாரும் தூர் வாருவதில்லை என்பதை வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறவன். அதைக் கண்ணால் பார்த்தது அந்த அறையில்தான்.

ஆய்வு எப்படி நடக்கும் தெரியுமா? இரண்டு நாளுக்கு முன்பே போன் போய்விடும். போன் போகவில்லையென்றால் அது மரியாதைக் குறைவு. நாங்கள் போய் இறங்கும்போது வாசலில் கோலம், பிள்ளைகளுக்குத் துவைத்த சட்டை. ஒரு பெண் குழந்தை சந்தனமும் கற்கண்டும் நீட்டும். பதிவேடுகளைப் புரட்டுவோம், குளியலறைக் கதவை ஒருமுறை திறந்து மூடுவோம். பிறகு பொன்னாடை. பிறகு சாப்பாடு. ஆய்வுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது, அது எழுதாத சட்டம். பிள்ளைகளே பரிமாறுவார்கள். உன் இலையில் ஒரு பத்து வயதுப் பிள்ளை இரண்டாம் முறை பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பிள்ளையிடம் இங்கே உன்னை யாராவது அடிக்கிறார்களா என்று எப்படிக் கேட்பாய்? கேட்க மாட்டாய். நானும் கேட்டதில்லை. குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுக் கை கழுவப் போவோம்.

இந்த வழக்கத்துக்கு நடுவில்தான் கனகா வந்தாள். பதினொரு வயது இருக்கும். தொட்டியத்துப் பக்கம் வாழைத்தோட்டத்தில் தார் சுமக்கிற ராசாத்தி என்ற பெண்ணின் மகள். அப்பா இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா திரும்பும் வரை பிள்ளை தனியாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, படிக்க வைப்பார்கள் என்று நம்பி, ராசாத்தி அவளைக் கொள்ளிடக் கரை இல்லத்தில் விட்டிருக்கிறாள். விட்டபோது போட்ட கைநாட்டு எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை இல்லத்திலிருந்து ஓடி, சத்திரம் பஸ் நிலையத்தில் தொட்டியம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஏற டிக்கெட்டுக்குக் காசில்லை. போலீஸ் கூட்டிவந்தது. இல்லத்துக்குத் திருப்பி அனுப்பினோம். மறுபடியும் ஓடினாள், மறுபடியும் அதே பஸ்ஸுக்குப் பக்கத்தில். மறுபடியும் அனுப்பினோம். இல்லத்திலிருந்து வந்த குறிப்பில், சூழலோடு பொருந்தவில்லை என்று இருந்தது. எந்தச் சூழல் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை ராசாத்தியும் வந்திருந்தாள். தோளில் தார் சுமந்த தழும்பு. "எம் புள்ளைய நான் குடுக்கலைங்க. படிக்கத்தான் விட்டேன். எங்கூட அனுப்பிடுங்க" என்றாள். அனுப்பலாம்தான். ஆனால் வீட்டு நிலை அறிக்கை வேண்டும். அதைத் தர வேண்டிய அலகு அலுவலரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். போலீஸ் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அதை வைத்து எழுதித் தருகிறேன் என்றார். போலீஸ், குழு எழுத்தில் உத்தரவு கொடுத்தால் போகிறோம் என்றது. எழுத்தில் கொடுக்கலாமே என்றேன். அறிக்கை வராமல் உத்தரவு எப்படிப் போடுவது என்று வேதாச்சலம் சிரித்தார். அப்போது கனகா வாய் திறந்தாள். அதுவரை அவள் பேசி நான் கேட்டதில்லை.

"யாருகிட்ட கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க சார். அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

அறையில் நாங்கள் இருந்தோம், அலகு அலுவலர் இருந்தார், ஒரு பெண் போலீஸ் இருந்தார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பதில் சொல்ல மனமில்லாமல் இல்லை, உண்மையிலேயே பதில் இல்லை. வேதாச்சலம்தான் சமாளித்தார். "கேக்கறதுக்குத்தானே தாயே நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றார். பிள்ளை அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் என்றால் யாரும் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றும் அவளை இல்லத்துக்கே அனுப்பினோம்.

மறுநாள் நான் யாருக்கும் சொல்லாமல் இல்லத்துக்குப் போனேன். மதியம் ஒரு மணி தாண்டி இருக்கும். அன்றைக்கு ஒரு நகைக்கடைக்காரர் வீட்டுப் பிறந்தநாள். அவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு வரத் தாமதம். பிள்ளைகள் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு வந்து இறங்கிவிட்டது, வாசனை வருகிறது, ஆனால் பாட்டுப் பாடி, படம் எடுத்த பிறகுதான் பரிமாற வேண்டும். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். நன்கொடையாளர் வருகிற நேரத்தைப் பொறுத்து சார் என்றாள் வார்டன். ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். அவளைக் கனகா தன் மேல் சாய்த்து வைத்திருந்தாள். சுவரில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, ஒருமுறை உன் பாவாடை தைத்து வரத் தாமதமாகி நாமும் பிந்தித்தான் போனோம்.

நான் நீளமாக ஒரு அறிக்கை எழுதி மேலே அனுப்பினேன். குழு உறுப்பினர்களும் ஆய்வாளர்களும் இல்லங்களில் சாப்பிடக் கூடாது, பொன்னாடை வாங்கக் கூடாது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஆய்வுக்குப் போகக் கூடாது, கனகாவை உடனே தாயிடம் அனுப்ப வேண்டும் என்று. வேதாச்சலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாப்பிடாம வந்தா அவங்க மனசு கஷ்டப்படும் சார். நீங்க வாத்தியார், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். மனசு கஷ்டப்படட்டும் என்றேன். அப்போதுதான் அவர் என்னை அடித்தார், குரலே உயர்த்தாமல். "உங்க பொண்ணு படம் அங்க சுவத்துல தொங்குது. வருஷா வருஷம் நன்கொடை குடுத்திருக்கீங்க. அந்த இல்லத்தைப் பத்தி நீங்க எழுதுனா அது நடுநிலையா சார்? நாளைக்கு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

யாராவது எதற்குக் கேட்பார்கள், அவரே மேலே எழுதிக் கேட்டுவிட்டார். விசாரணை வந்தது, இல்லத்தைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. இல்லத்தோடு எனக்கிருந்த உறவை மறைத்தது குற்றம் என்றார்கள். அங்கே சாப்பிடாத உறுப்பினர் ஒருவர்கூட இல்லை, ஆனால் படம் தொங்கியது எனக்கு மட்டும். என் பதவிக்காலம் முடியும் முன்பே என்னை எடுத்துவிட்டு வேறு ஒருவரைப் போட்டுக்கொண்டார்கள். கல்லூரியிலும் அது பேச்சாகியது. இதில் என்னை எரிக்கிற விஷயம் என்ன தெரியுமா? அந்த ஆள் சொன்னது சரி. கொடுக்கிறவன் பார்வையிடக் கூடாது. என் ஆயுதத்தையே எடுத்து என்னைக் குத்தினார். இப்போது அவரே அந்த இல்லத்து அறக்கட்டளைக்கு ஆலோசகர். பிள்ளைகளை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தவர், இன்று அங்கே உட்கார்ந்து வரவேற்கிறார். அதில் ஒருவருக்கும் உறவு தெரியவில்லை.

கனகாவை நல்ல சூழலுக்கு என்று வேறு மாவட்டத்து இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். ராசாத்தி நம் வீட்டுக்கே வந்தாள். நீ அப்போது விடுதியில் இருந்தாய். விலாசம் விசாரித்து, அம்மா மண்டபம் ரோட்டில் வீடு வீடாகக் கேட்டு வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, படியிலேயே நின்றாள். "ஊர் பேராச்சும் சொல்லுங்க சார். நான் போயிப் பாத்துக்கறேன்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நான் குழுவில் இல்லை, எனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அலகுக்குப் போன் செய்தேன். வெளியாட்களுக்குப் பிள்ளைகளைப் பற்றிய விவரம் சொல்லக் கூடாது சார், சட்டம் என்றார்கள். அதுவும் சரிதான். எல்லாமே சரிதான். அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, போயிட்டு வரேங்க என்று சொல்லிக் கிளம்பினாள். அதற்குப் பிறகு வரவில்லை. தாயும் மகளும் சேர்ந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் இப்போது மாற்றிவிட்டோம் என்பார்கள். திட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, பலகைக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி எண்ணை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்கள். ஆய்வுக்குப் போனவர் இல்லத்து வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டுமாம், இடமும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடுமாம். அவர் அங்கே போனார் என்று அதில் தெரியும், அங்கே என்ன கேட்டார் என்று தெரியாது. நீ இதையெல்லாம் சரிசெய்துவிடுவாய் என்று நான் நம்பவில்லை, சுபா. ஒரு மாவட்ட அலுவலரால் அது முடியாது. எனக்கு நம்பிக்கை வற்றிப்போய்ப் பல காலமாகிறது. ஆனால் என்ன மாற வேண்டும் என்று என்னைக் கேட்டால், என்னிடம் பெரிய திட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு அலுவலர். பெயரோடு, முகத்தோடு, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவராக. அலகு, குழு, போலீஸ் என்று எத்தனை கை மாறினாலும், இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகாததற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் மாறிப் போனால் அடுத்தவரைக் கூட்டிவந்து பிள்ளையிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும். பிள்ளையை அனுப்புகிறவர் ஒருவராகவும் இல்லத்தைப் போய்ப் பார்க்கிறவர் இன்னொருவராகவும் இருக்க வேண்டும், பார்க்கிறவர் வேறு மாவட்டத்திலிருந்து வர வேண்டும், வந்தால் தண்ணீர்கூடக் கையோடு கொண்டுவர வேண்டும். தாய்க்கு ஊர் பெயராவது சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பணம்கூட அதிகம் வேண்டாம். அதனாலேயே யாரும் செய்ய மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நாளைக்கு நீ அங்கே போனால் உனக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். ஒரு பிள்ளை உனக்குப் பாயசம் ஊற்றும். அடுத்த வாரம் ராமநாதபுரத்தில் ஏதோ ஒரு இல்லத்தில் இலை போடுவார்கள், ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்டவள் இங்கே எப்படி மாட்டேன் என்று சொல்வது என்று உனக்கே தோன்றும். முதல் சாப்பாடுதான் சிரமம், அதற்குப் பிறகு வழக்கம். என் சண்டையை உனக்கு எழுதி வைக்கவில்லை. வேதாச்சலத்தை மன்னிக்காமல் இருக்க நான் ஒருவனே போதும். அந்த இலை மட்டும் வேண்டாம் என்கிறேன். அதையும் மீறி நீ போனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்குக் கோபிக்கத் தெம்பில்லை. ஸ்டேஷனுக்கு வருவேன், பெட்டி தூக்கித் தருவேன்.

இதுவரை மதியம் எழுதியது. இப்போது மாலை, விளக்குப் போட்டாயிற்று. நீ வந்துவிட்டாய், பெட்டி இல்லாமல்.

நீ அடுக்களையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் இங்கிருந்தே கேட்டேன். கேட்க வேண்டும் என்றுதான் குரலை உயர்த்தினாய் என்று நினைக்கிறேன். சின்னக்கடைத் தெருவுக்குப் போகவே இல்லை, நேராகக் கொள்ளிடக் கரைக்குப் போனேன் என்றாய். வாசலில் யார் என்று தடுத்தார்களாம். கூடத்துச் சுவரைக் காட்டி, அது நான்தான் என்றதும் விட்டார்களாம். இன்றைக்கு எந்த வீட்டுப் பிறந்தநாளும் இல்லை, அதனால் பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நீயும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டாய். வார்டன் பதறிப்போய் மேசைக்குக் கூப்பிட்டாளாம். "வேணாம்க்கா, இங்கயே நல்லா இருக்கு" என்றாயாம்.

"என்னடி போட்டாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"சாம்பார்னு சொன்னாங்க. மஞ்சத்தண்ணிம்மா. அரிசியில ஒரு வாடை. பக்கத்துல இருந்த புள்ள, அப்பளம் எல்லாம் பர்த்டேக்குத்தான்க்கான்னு எனக்குச் சொல்லிக் குடுக்குது."

குழுவில் இருந்த காலமெல்லாம் நான் அங்கே விருந்துச் சாப்பாடு சாப்பிட்டேன், பிறகு விருந்துச் சாப்பாட்டை எதிர்த்துச் சண்டை போட்டேன். யாரும் வராத நாளில் அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இங்குள்ள அலகுக்கும் போன் செய்து, சாப்பாட்டையும் அந்தப் பிள்ளை சொன்னதையும் சொல்லிவிட்டாயாம். அவர்கள் திங்கட்கிழமை பார்க்கிறோம் என்றார்களாம். பார்க்கட்டும், பார்க்காமல் போகட்டும். நாளை உன்னை எதிர்பார்த்திருக்கும் வேதாச்சலத்துக்கு அங்கே இருந்தபடியே போன் செய்து நீ சொன்னதை அம்மாவுக்கு நடித்துக் காட்டினாய், மிகவும் பணிவாக.

"நாளைக்கு வர முடியலைங்க சார். தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னைக்கே சாப்பிட்டுட்டேன்."

அம்மா சிரித்தாள். நானும் இங்கே சிரித்தேன், உனக்குக் கேட்டிருக்காது. அவர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு ஆசைதான். கேட்க மாட்டேன்.

பிறகு நீ கூடத்துக்கு வந்து அந்தப் படத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். என் படம், நான் எடுத்துக்கிறேன் என்றாயாம், வார்டனால் மறுக்க முடியவில்லை. சட்டப்படி அந்தப் பிள்ளைகளின் முகத்தை அப்படிச் சுவரில் மாட்டவே கூடாது என்பது உனக்குத் தெரியும். குழுவில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன். பச்சைப் பட்டுப்பாவாடையில் நீ, முன்பல் ஒன்று இல்லாமல். உன் பின்னால் இரண்டு வரிசைப் பிள்ளைகள், காலித் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு. கடைசியில் நிற்கிற பையன் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எதையோ பார்க்கிறான். சாப்பாட்டுப் பாத்திரம் இருக்கிற பக்கமாக இருக்கும். கீழே உன் பெயர் மட்டும். மற்றவர்கள் யார் என்று வார்டனைக் கேட்டாயாம். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அத்தனை பிறந்தநாளுக்குப் போயும் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இந்தப் படத்தை ஒரு துண்டில் சுற்றி உன் துணிகளுக்கு நடுவில் வைக்கிறேன். புதுப்பெட்டி வாங்காததால் என் பழைய பெட்டியை எடுத்துக்கொள், பூட்டு கொஞ்சம் மக்கர் செய்யும், அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். படத்தை அலுவலகச் சுவரில் மாட்டாதே. மேசை இழுப்பறையில் போட்டு வை. என்றைக்காவது ஒரு பிள்ளை உன் அறைக் கதவருகே வந்து நின்று, யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்கும். பக்கத்து அறையைக் காட்டலாம் என்று உனக்குத் தோன்றும். பக்கத்து அறைதான் சரியான அறையாகவும் இருக்கும்.

காட்டாதே அம்மா. உன் பெயரைச் சொல்.

அப்பா